பாதியிலேயே வீடு காலி பண்ணப் போறியா? அக்கா சொல்ற கணக்கைக் கேட்டுட்டுப் போ!

கண்ணு, திருப்பூரில் வேலை மாறினால் பல பேருக்கு வீடும் மாறிவிடும். பி.என். ரோட்டில் தைத்துக்கொண்டிருந்த கம்பெனியில் ஆர்டர் நின்றுபோகும். அவிநாசி பக்கம் வேறு கம்பெனியில் சிங்கர் டெய்லர் கேட்பார்கள். ஊரில் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போகும். கல்யாணம் கூடிவரும். கையில் இருக்கும் ஒப்பந்தமோ பதினொரு மாதத்துக்கு. நீ குடிவந்து நாலு மாதம்கூட முடிந்திருக்காது. அப்போது எல்லோரும் கேட்கும் கேள்வி இரண்டு: "அட்வான்ஸ் போயிருமாக்கா? கேஸ் கீஸ் போடுவாங்களா?"

இந்த ஊரில் இது யாருக்கும் புதிதல்ல. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது எத்தனையோ குடும்பங்கள் ஊரை விட்டுக் கிளம்பின. 2020 பொதுமுடக்கத்தில் லைன் வீடுகள் காலியாகின. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது ஏற்றுமதி கம்பெனிகள் ஆர்டர் இல்லாமல் தவித்தன. பதினொரு மாதம் கழித்து வேலை எங்கே இருக்கும் என்று தெரியாமல்தான் இங்கே முக்கால்வாசிப் பேர் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறோம்.

அதனால் ஒன்றை மனதில் வைத்துக்கொள். பாதியில் வீட்டைக் காலி செய்வது குற்றம் இல்லை. அது தீர்க்க வேண்டிய ஒரு கணக்கு. முன்கூட்டியே சொல்லி, எழுதிக் கொடுத்து, உட்கார்ந்து கணக்குப் பார்த்தால் பெரும்பாலும் சின்னத் தொகையோடு முடிந்துவிடும். பெரிய நஷ்டம் வருவதெல்லாம் சொல்லாமல் கிளம்பும்போதுதான்.

1. முதலில் ஒப்பந்தத்தை எடுத்துப் படி

வீட்டுக்காரரிடம் பேசப் போவதற்கு முன் பீரோவில் இருக்கும் ஒப்பந்தத்தை எடு. கையெழுத்துப் போட்ட அன்றைக்கு யாரும் முழுதாகப் படிப்பதில்லை. இப்போது நான்கு விஷயங்களைத் தேடு.

முதலாவது, எத்தனை மாதம் முன்னால் சொல்ல வேண்டும் என்ற நோட்டீஸ் வரி. ஒரு மாதம் என்றுதான் பல ஒப்பந்தங்களில் இருக்கும். இரண்டு, மூன்று மாதம் என்றும் சிலவற்றில் இருக்கும். இரண்டாவது, லாக்-இன். "முதல் ஆறு மாதத்துக்குள் காலி செய்யக் கூடாது, செய்தால் மீதி மாத வாடகையைத் தர வேண்டும்" என்று எழுதியிருந்தால் அதுதான் லாக்-இன். மூன்றாவது, பெயின்ட் அடிக்க, ரிப்பேர் பார்க்க என்று அட்வான்ஸில் பிடிக்கும் தொகை. நான்காவது, கையெழுத்து யாருடையது என்பது. உன் பெயரில் இல்லாமல் கணவர் பெயரிலோ அண்ணன் பெயரிலோ ஒப்பந்தம் இருந்தால், காலி செய்யும் கடிதத்திலும் அவர் கையெழுத்துதான் வேண்டும். அட்வான்ஸும் அவர் பெயருக்குத்தான் திரும்பும்.

எல்லா ஒப்பந்தமும் ஏன் பதினொரு மாதம் என்று கேட்பாய். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் கட்டாயம் பதிய வேண்டும். அந்தச் செலவைத் தவிர்க்க வந்த பழக்கம் அது. ஆனால் தமிழ்நாட்டில் இப்போது வாடகைக்கென்று தனிச் சட்டமே இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி எத்தனை மாத வாடகையானாலும் எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அதற்கென்று அரசின் இணையதளமும் இருக்கிறது. உன் ஒப்பந்தம் பதிவாகி எண் வாங்கியிருக்கிறதா என்று பார். பதியாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு அந்தச் சட்டத்தில் உரிமை கேட்கப் போனால் முதல் தடையே அங்கேதான் வரும்.

2. ஒப்பந்தமே இல்லையா? பயப்படாதே

லைன் வீட்டில், காம்பவுண்டில் வாய்ப்பேச்சிலேயே குடியிருப்பவர்கள் நிறைய. "மாசம் இவ்வளவு, அட்வான்ஸ் இவ்வளவு" என்பதோடு பேச்சு முடிந்திருக்கும். அப்படி எழுத்தில் எதுவும் இல்லாத இடத்தில் 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 106-ஆம் பிரிவு ஒரு பொது விதி சொல்கிறது: குடியிருக்கும் வீட்டை மாத வாடகையாகக் கருத வேண்டும், முடித்துக்கொள்ள 15 நாள் நோட்டீஸ் போதும். ஆனாலும் ஒரு மாதம் முன்னால் சொல்வதுதான் இந்த ஊர் வழக்கம். அந்த மரியாதையைக் கொடு. அதுதான் அட்வான்ஸைப் பேச்சில்லாமல் வாங்கித் தரும்.

எழுத்து இல்லை என்றால் ஆதாரம் வேறு இடத்தில் இருக்கும். கூகுள் பே, போன் பேயில் அனுப்பிய வாடகை, அட்வான்ஸ் கொடுத்த அன்று பேங்கில் எடுத்த பணம், வீட்டுக்காரருடன் பேசிய வாட்ஸ்அப், வாடகை நோட்டில் அவர் போட்ட கையெழுத்து எல்லாவற்றையும் படம் எடுத்துச் சேர்த்து வை. இதுவரை பணமாகவே கொடுத்து வந்திருந்தால் இந்த மாதத்திலிருந்து போனில் அனுப்பு. வாடகைக்கு ரசீது கேட்பது உன் உரிமை; கேட்கச் சங்கடப்படாதே.

பதினொரு மாதம் முடிந்தும் புதுப்பிக்காமல் அப்படியே இருக்கிறாயா? அதே நிபந்தனைகளில் மாதாமாதம் தொடர்வதாக அதிகபட்சம் ஆறு மாதம் வரை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. அப்போது காலி செய்வது இன்னும் எளிது. முதல் தவணைக்குள் இருந்த லாக்-இன் அதோடு முடிந்தது.

3. வாயில் சொன்னால் போதாது, எழுதிக் கொடு

"அண்ணா, அடுத்த மாசம் காலி பண்ணிக்கறமுங்க" என்று வாசலில் நின்று சொல்வது மரியாதை. அதை அவசியம் செய். நேரில் சொல்லாமல் கடிதத்தை மட்டும் நீட்டினால் நல்ல மனுசனுக்கும் கோபம் வரும். ஆனால் சொன்ன கையோடு எழுத்திலும் கொடு. மூன்று மாதம் கழித்து "எங்கிட்டச் சொல்லவே இல்லை" என்று பேச்சு மாறினால் உன்னைக் காப்பாற்றுவது அந்தக் காகிதம்தான். இப்படி எழுது:

"வணக்கம். ……… தெரு, கதவு எண் ……… வீட்டில் ……… தேதி முதல் வாடகைக்குக் குடியிருந்து வருகிறேன். வேலை மாற்றம் காரணமாக ……… தேதியில் வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைக்கிறேன். இதை ஒரு மாத முன்னறிவிப்பாக ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன். நான் கொடுத்துள்ள அட்வான்ஸ் ரூ. ……… . கரண்ட் பாக்கி முதலியவற்றைக் கழித்துக்கொண்டு மீதியைச் சாவி ஒப்படைக்கும் நாளில் தர வேண்டுகிறேன். புதிதாக வீடு பார்க்க வருபவர்களுக்கு மாலையில் காட்டத் தயாராக இருக்கிறேன்."

இரண்டு பிரதி எடு. ஒன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்தும் தேதியும் வாங்கு. கையெழுத்துப் போடத் தயங்கினால் வற்புறுத்தாதே. கடிதத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு, ஸ்பீடு போஸ்ட்டிலும் ஒரு பிரதி போட்டு ரசீதை வைத்துக்கொள்.

நோட்டீஸ் கொடுத்த பிறகு மனம் மாறக் கூடாது. நீ சொன்ன தேதியை நம்பி வீட்டுக்காரர் இன்னொருவரிடம் அட்வான்ஸ் வாங்கியிருப்பார், வீட்டை விற்கக்கூடப் பேசியிருப்பார். அந்த நிலையில் நீ காலி செய்யாமல் இருந்தால், வீட்டை மீட்க அவர் வழக்குப் போட அதுவே காரணமாகும். நோட்டீஸில் சொன்ன தேதி தாண்டியும் காலி செய்யாமல் இருக்கும் காலத்துக்கு இரட்டை வாடகை கேட்கவும் சட்டம் இடம் தருகிறது. புது வீட்டை உறுதி செய்துவிட்டுத் தேதி எழுது.

4. எவ்வளவு போகும் என்று நீயே போட்டுப் பார்

பயத்துக்கு மருந்து கணக்கு. ஒரு உதாரணம் போடுகிறேன். வாடகை 7,000 ரூபாய், அட்வான்ஸ் 35,000. ஆறு மாதம் லாக்-இன். நான்காம் மாதத் தொடக்கத்தில் சொல்லி, அந்த மாதக் கடைசியில் காலி செய்கிறாய். நான்கு மாத வாடகையும் பாக்கியில்லை. கரண்ட் பாக்கி 600, உடைந்த குழாய் 400.

ஒப்பந்தத்தில் உள்ளபடியே முழுதாகப் பிடித்தால்: லாக்-இன்னில் மீதி இரண்டு மாதம் 14,000, மற்றது 1,000. கைக்கு வருவது 20,000.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவு, ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று எழுதியிருக்கும் தொகையை உச்ச வரம்பாகத்தான் வைக்கிறது. அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். நஷ்டத்தைக் குறைக்க வீட்டுக்காரர் முயன்றிருக்க வேண்டும் என்பதும் சட்டத்தின் எதிர்பார்ப்பு. நீ போன பதினைந்தாம் நாளே வேறு குடும்பம் குடிவந்துவிட்டால் அவருக்கு நஷ்டம் அரை மாத வாடகை 3,500. அதோடு 1,000 சேர்த்துப் பிடித்தால் உன் கைக்கு 30,500 வர வேண்டும்.

இரண்டு தொகைக்கும் நடுவில் 10,500 ரூபாய் இருக்கிறது. ஒரு டெய்லருக்கு அது எத்தனை சனிக்கிழமைச் சம்பளம்! அந்த இடைவெளியைக் குறைப்பதற்குத்தான் அடுத்த டிப்ஸ்.

5. அடுத்த ஆளை நீயே காட்டிக்கொடு

வீட்டுக்காரரின் கவலை ஒன்றே ஒன்று: வீடு சும்மா கிடக்குமே. அந்தக் கவலையை நீ தீர்த்தால் லாக்-இன் பேச்சே பாதி அடங்கிவிடும். கம்பெனியில் செக்கிங், கைமடி பார்க்கும் அக்காக்களிடம் சொல்லிவை. பக்கத்துத் தெருவில், மளிகைக் கடையில் சொல்லிவை. வீட்டைப் பெருக்கிச் சுத்தமாக வைத்து, வருபவர்களுக்கு முகம் சுளிக்காமல் காட்டு. இரண்டு மூன்று குடும்பங்களை வீட்டுக்காரரிடம் அனுப்பு. யாரை வைப்பது என்பது அவர் முடிவு.

ஆனால் சாவியை நேராகத் தோழி கையில் கொடுத்துவிட்டுப் போகாதே. வீட்டுக்காரரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடுவதைச் சட்டம் தடுக்கிறது. புதியவர் வாடகை பாக்கி வைத்தாலும் கேள்வி உன்னிடம்தான் வரும். பழைய ஒப்பந்தம் முடிந்து, புது ஒப்பந்தம் அவர்கள் இருவருக்கும் இடையில் எழுதப்பட வேண்டும்.

மாதத்தையும் பார்த்துக்கொள். ஆடியிலும் மார்கழியிலும் நம் பக்கம் புது வீடு குடிபோகத் தயங்குவார்கள். ஆனி முடிவில் காலி செய்தால் ஆவணி வரை வீடு சும்மா கிடக்கலாம். தீபாவளிக்குப் போனஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகிறவர்கள் திரும்பி வரும்வரையும் அப்படித்தான். உன்னால் தேதியைக் கொஞ்சம் நகர்த்த முடிந்தால், ஆவணியிலோ தை பிறந்தோ ஆள் வருகிற மாதிரி காலி செய். அவருக்கும் நஷ்டம் குறையும், உனக்கும் பிடித்தம் குறையும்.

6. "கடைசி வாடகையை அட்வான்ஸில் கழிச்சுக்கங்க" என்று நீயாக முடிவு செய்யாதே

நோட்டீஸ் கொடுத்துவிட்டு வாடகையை நிறுத்திவிடுவது பலரும் செய்வது. வீட்டுக்காரர் சம்மதித்து, வாட்ஸ்அப்பிலாவது "சரி" என்று சொன்னால் செய். இல்லாவிட்டால் அது வாடகை பாக்கி. இரண்டு மாதப் பாக்கி சேர்ந்தால் வீட்டை மீட்க வழக்குப் போட அவருக்குக் காரணம் கிடைக்கும். நியாயம் உன் பக்கம் இருக்கும்போது பாக்கிக்காரி என்ற பெயர் எதற்கு?

அட்வான்ஸைப் பற்றித் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் சொல்வது இரண்டு. வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டிருந்தால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். "இரண்டு மாத அட்வான்ஸ்தான், புதுச் சட்டம் வந்தாச்சு" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை நம்பி வாதாடப் போகாதே. அது 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த மாதிரி வாடகைச் சட்டத்தில் இருப்பது. மாநிலங்கள் பின்பற்றுவதற்கான மாதிரிதான் அது. நமக்குத் தமிழ்நாட்டுச் சட்டம்தான்.

பெயின்ட் பிடித்தம்தான் அடிக்கடி சண்டையாகும் இடம். சட்டத்தின் அட்டவணைப்படி சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு பெயின்ட், பைப் மாற்றுவது, வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, உடைந்த ஜன்னல் கண்ணாடி போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் மாற்றி எழுதியிருந்தால் அது செல்லும். அதனால்தான் முதலிலேயே படிக்கச் சொன்னேன். குடியிருந்தால் சுவர் மங்கத்தான் செய்யும், அதற்குக் காசு பிடிக்க முடியாது. ஆணி அடித்துப் பெயர்த்த சுவருக்குப் பிடிக்கலாம். அந்த வித்தியாசத்தை அமைதியாகப் பேசு.

7. தையல் யூனிட், ஷெட் வாடகைக்கு எடுத்திருந்தால்

நாலு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுக்கும் பவர் டேபிள்காரர்களுக்கு இது தனிக் கணக்கு. நான் சொன்ன 106-ஆம் பிரிவே, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது உற்பத்திக்காக எடுத்த இடத்தை வருடக் குத்தகையாகக் கருதி, ஆறு மாத நோட்டீஸ் கேட்கிறது. வீட்டுக்கு 15 நாள், பட்டறைக்கு ஆறு மாதம்! பதிவு செய்யாத ஷெட் ஒப்பந்தங்களில் எந்தக் கணக்கு பொருந்தும் என்பதே நீதிமன்றத்தில் வழக்காகியிருக்கிறது. ஆகவே ஷெட் எடுக்கும்போதே "இரு தரப்பும் இத்தனை மாத நோட்டீஸ்" என்று எழுதிவிடு.

மூன்று வருடம், ஐந்து வருடம் என்று பதிவு செய்த குத்தகையாக இருந்தால் சாவியைக் கொடுப்பதோடு முடியாது. ரத்துப் பத்திரம் எழுதி அதையும் பதிய வேண்டும். வில்லங்கச் சான்றிதழில் குத்தகை நின்றுகொண்டே இருந்தால் இரண்டு பேருக்கும் தொல்லை.

கரண்ட் இணைப்பு உன் பெயரில் வாங்கியிருந்தால் டெபாசிட்டும் உன் பெயரில்தான் இருக்கும். பெயர் மாற்றுவதா, இணைப்பைத் துண்டிப்பதா என்று முடிவு செய்து மின்வாரியத்தில் விண்ணப்பம் கொடு. இல்லாவிட்டால் அடுத்தவர் ஓட்டும் மெஷினுக்கு உன் பெயரில் பில் வரும். ஜி.எஸ்.டி. பதிவில் முகவரி மாற்றத்தை 15 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். மெஷின்களைக் கடைசி நாளுக்கு முன்னால், பகலில், வீட்டுக்காரருக்குத் தெரிய எடுத்துப் போ. ராத்திரியில் டெம்போ வந்தால் பாக்கி இல்லாதவரையும் ஊர் சந்தேகப்படும்.

ஆர்டர் இல்லை, கம்பெனி மூடிக் கிடந்தது, அதனால் வாடகை தர முடியாது என்ற வாதம் எளிதில் நிற்காது. 2020 மே மாதம், பொதுமுடக்கக் காலத்து வாடகை பற்றிய ஒரு வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம், ஒப்பந்தத்தில் அப்படி ஒரு விதி இல்லாவிட்டால் வாடகையை நிறுத்தி வைக்கக் கேட்க முடியாது என்றது. தொழில் படுத்தால் வாடகையை இழுத்துக்கொண்டு இருக்காதே. சீக்கிரம் நோட்டீஸ் கொடு. ஒரு மாதம் தாமதித்தால் ஒரு மாத வாடகை கூடிப்போகும்.

8. போக்கியத்தில் இருந்தால் பணம் முதலில், சாவி பிறகு

போக்கியத்துக்கு, நம்மில் பலர் லீஸ் என்பார்களே, அதற்குப் போனவர்கள் மூன்று லட்சம், ஐந்து லட்சம் என்று மொத்தமாகக் கொடுத்திருப்பார்கள். அந்தப் பணம் வீட்டுக்காரர் கையில் சும்மா இருக்காது. மகள் கல்யாணத்துக்கோ கடன் அடைக்கவோ போயிருக்கும். அடுத்த ஆள் பணம் கொண்டுவந்தால்தான் உனக்குத் திரும்பும். அதனால் இதில் ஒரு மாத நோட்டீஸ் உதவாது. ஒப்பந்தத்தில் என்ன இருந்தாலும் மூன்று நான்கு மாதம் முன்பே சொல்லிவிடு.

பணம் முழுதாகக் கைக்கு வராமல் சாவியைக் கொடுக்காதே. "நீங்க போங்க, மாசக் கடைசியில் போட்டு விடறேன்" என்று சொன்னால், வீட்டில் ஒரு கட்டிலும் பூட்டும் இருக்கட்டும். காசோலை கொடுத்தால் பணமாகிய பிறகு காலி செய். போக்கியப் பத்திரம் பதிவாகியிருந்தால், பணம் வாங்கும் அன்றே பதிவு அலுவலகத்தில் ரத்தும் செய்துவிடு. புது வீட்டுக்கு முன்பணம் கொடுக்கும்முன் இந்தப் பணம் எப்போது வரும் என்று உறுதி செய்துகொள். இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டு வட்டிக்கு வாங்குகிற நிலைமை வரவே கூடாது.

9. ராத்திரியோடு ராத்திரியாகப் போகாதே

பாக்கி இருக்கிறது, முகம் கொடுக்க முடியவில்லை என்று சிலர் சொல்லாமல் கிளம்பிவிடுகிறார்கள். அப்படிப் போனால் என்ன ஆகும்? அட்வான்ஸைக் கேட்கும் வாயை நீயே அடைத்துக்கொள்கிறாய். சாவி ஒப்படைக்காததால் வீடு இன்னும் உன்னிடம்தான் இருக்கிறது என்று வீட்டுக்காரர் வாடகையை ஏற்றிக்கொண்டே போகலாம். உன்னைக் கூட்டிவந்து வீடு பிடித்துக் கொடுத்த மேஸ்திரியோ கான்ட்ராக்டரோ பதில் சொல்லி நிற்க வேண்டும். உன் ஊர்க்காரர்களுக்கு அடுத்த முறை அந்தத் தெருவில் வீடு கிடைக்காது. வடக்கிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு இது இன்னும் பெரிய அடி. ஒருவர் சொல்லாமல் போனால் பத்துப் பேருக்கு வீடு மறுக்கிறார்கள்.

வாடகை பாக்கி என்பது கொடுக்கல் வாங்கல் விவகாரம். அதற்காக ஜெயில் என்று யாராவது மிரட்டினால் நம்பாதே. முடியாத நிலைமையை நேரில் சொல், இவ்வளவு பிடித்துக்கொள்ளுங்கள், மீதியை இத்தனை சனிக்கிழமையில் தருகிறேன் என்று எழுதிக் கொடு. அதைக் கேட்டு இறங்கி வராத வீட்டுக்காரர்கள் குறைவு.

அதே போல அவருக்கும் எல்லை உண்டு. பாக்கி இருந்தாலும் தண்ணீரை நிறுத்தவோ கரண்டைப் பிடுங்கவோ கூடாது. சட்டம் வெளிப்படையாகத் தடுக்கிறது. அப்படிச் செய்தால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். துணை ஆட்சியர் நிலையில் உள்ள வருவாய்த் துறை அதிகாரிகள்தான் அந்தப் பொறுப்பில் இருக்கிறார்கள். தானாகவே உன் வீட்டுக்குப் பூட்டுப் போடவோ, தையல் மெஷினையோ ஆதார் அட்டையையோ பிடித்து வைக்கவோ வீட்டுக்காரருக்கு அதிகாரம் இல்லை.

10. உயிருக்கும் மானத்துக்கும் ஆபத்து என்றால் நோட்டீஸைப் பார்க்காதே

வீட்டில் அடி உதை, வெளியே நின்று தொல்லை கொடுப்பவன், பாதுகாப்பில்லாத காம்பவுண்ட்: இப்படி இருந்தால் முதலில் வெளியே வா. அட்வான்ஸைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பெண்களுக்கான உதவி எண் 181. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005-இன்படி, நீ வேறு இடத்தில் தங்க வேண்டி வந்தால் அதற்கு வாடகை கொடுக்கும்படி கணவருக்கு நீதிமன்றம் உத்தரவிட முடியும். வெளியே வந்த பிறகு நம்பிக்கையான ஒருவர் மூலம் வீட்டுக்காரருக்குத் தகவலும் கடிதமும் அனுப்பு.

மழை வெள்ளத்திலோ தீயிலோ வீடு குடியிருக்கவே முடியாத அளவுக்கு நிரந்தரமாகச் சேதமானால், வாடகையை முடித்துக்கொள்ளும் உரிமையைச் சொத்துரிமை மாற்றுச் சட்டமே குடியிருப்பவருக்குத் தருகிறது. சேதத்தைப் படம் எடுத்து, கடிதம் கொடுத்துவிட்டுக் கிளம்பு.

மில்லோ கம்பெனியோ தன் வேலையாட்களுக்குக் கொடுக்கும் குவார்ட்டர்ஸில் இருப்பவர்கள் கவனிக்க: அந்த இடங்களுக்கு இந்த வாடகைச் சட்டம் பொருந்தாது. வேலையை விட்டால் அறையும் போகும். ராஜினாமா கொடுக்கும் முன்பே வேறு இடம் பார்த்துவிடு.

11. சாவி கொடுக்கும் நாள்: ஒன்றையும் விடாதே

பகல் வெளிச்சத்தில் வீட்டுக்காரரை வரச் சொல். காலி வீட்டை ஒவ்வொரு அறையாக வீடியோ எடு. மீட்டர் ரீடிங்கை இருவரும் பார்த்துப் படம் எடுங்கள். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பில் என்பதால் நடுவில் காலி செய்பவர்களுக்கு இந்தக் கணக்குத்தான் சிக்கலாகும். சப்-மீட்டர் வீடாக இருந்தால் யூனிட்டுக்கு என்ன விலை என்று முதலிலேயே பேசியதை நினைவுபடுத்து.

பிறகு ஒரு சின்ன ரசீது எழுதுங்கள்: இந்தத் தேதியில் சாவி ஒப்படைக்கப்பட்டது, அட்வான்ஸ் இவ்வளவு, பிடித்தம் இன்னின்னதற்கு இவ்வளவு, மீதி இவ்வளவு கொடுக்கப்பட்டது, இனி இருவருக்கும் கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லை. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி. பழைய ஒப்பந்தத்தைத் திரும்ப வாங்கு, அல்லது இரண்டு பிரதியிலும் "ரத்து" என்று எழுதிக் கையெழுத்து வாங்கு.

போகும் இடத்தில் செய்ய வேண்டியது: கேஸ் இணைப்பு, ரேஷன் கார்டு, ஆதார், பேங்க் முகவரி, இ.எஸ்.ஐ. மருந்தகம் மாற்றுவது. வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. குழந்தைக்கு டி.சி. வரத் தாமதமானாலும் கல்வி உரிமைச் சட்டம் 2009-இன்படி அதைக் காரணம் காட்டி எட்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் சேர்க்கையை மறுக்க முடியாது. பிள்ளையை ஒரு வாரம்கூட வீட்டில் நிறுத்தாதே.

12. அட்வான்ஸ் வரவில்லை என்றால்

ஒரு மாதம் பொறு. பிறகு நேரில் ஒரு முறை கேள். அதன்பின் தேதி, தொகை எல்லாம் போட்டு எழுத்தில் கேள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போ. உதவி எண் 15100. பெண்களுக்கும் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி கிடைக்கும். 1987-ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்த உரிமை அது. இரண்டு தரப்பையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினாலே பல விவகாரங்கள் தீர்ந்துவிடும். தீராவிட்டால் வாடகை நீதிமன்றம் இருக்கிறது.

13. அடுத்த வீட்டு ஒப்பந்தத்தில் இந்த நான்கு வரி

புது வீட்டுக்குக் கையெழுத்துப் போடும்முன் கேட்டு வாங்க வேண்டியவை இவை. இரு தரப்புக்கும் ஒரு மாத நோட்டீஸ். லாக்-இன் கூடவே கூடாது. கட்டாயம் வேண்டும் என்றால் மூன்று மாதத்துக்கு மேல் வேண்டாம், வேறு ஆள் குடிவந்த நாளோடு அது முடியும். பெயின்ட் பிடித்தம் என்றால் தொகையைப் போட்டே எழுத வேண்டும். சாவி ஒப்படைக்கும் நாளிலேயே அட்வான்ஸ் மீதி.

"இதெல்லாம் எதுக்கம்மிணி, நம்பிக்கைதானே முக்கியம்" என்று வீட்டுக்காரர் கேட்கலாம். "நீங்களும் நானும் கடைசி வரைக்கும் நல்லபடியாப் பேசிக்கறதுக்குத்தானுங்க எழுதறம்" என்று சிரித்துக்கொண்டே சொல். இந்த ஊரில் ஆர்டர் வரும், போகும். அது நம் கையில் இல்லை. ஆனால் எந்த வீட்டிலிருந்தும் தலை நிமிர்ந்து, பாக்கி வாங்கிக்கொண்டு, மறுபடியும் அந்தத் தெருவில் நடக்க முடிகிற மாதிரி வெளியே வருவது உன் கையில் இருக்கிறது, கண்ணு.